கைக்கு எட்டும் இன்ஜின்

மோட்டோ குஸ்ஸி என்ற இத்தாலிய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு திருகு திருகினால் வண்டி வலது பக்கமாக ஒரு உலுக்கு உலுக்கும். பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் குறுக்கே இல்லாமல் வண்டியின் நீளவாக்கில் கிடப்பதால், அது வேகமெடுக்கும்போது இன்ஜின் எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கிறது. முதல் முறை அதை உணர்ந்தபோது எங்கேயோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். இறங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் தளரவில்லை. இப்போதெல்லாம் அந்த உலுக்கல் வந்தால்தான் வண்டி முழித்துக்கொண்டது என்று என் கை ஒப்புக்கொள்கிறது.

என்னுடையது 850 டி3. 1975-ல் வந்த மாடல். 83 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 78 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), மொத்தம் 844 சிசி. இரண்டு சிலிண்டர்களும் 90 டிகிரி விரிந்து, பெட்ரோல் டேங்கின் இரண்டு பக்கமும் முழங்காலுக்கு முன்னால் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். செயின் கிடையாது, பின் சக்கரத்துக்கு ஷாஃப்ட் வழியாகத்தான் ஓட்டம் போகிறது. இந்த வண்டியை நான் வெளியே எந்தப் பட்டறைக்கும் அனுப்புவதில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் இல்லை. அதைச் செய்தவர்கள், வைத்திருப்பவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று எண்ணித்தான் செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் எனக்குத் தோன்றுகிறது.

கோமோ ஏரிக்கரையில் மான்டெல்லோ டெல் லாரியோ என்ற ஊர். 1921-ல் தொடங்கிய கம்பெனி. இந்த இன்ஜினின் மூதாதை அங்கே ஜூலியோ சேசரே கார்கானோ என்ற பொறியாளர் வரைந்தது. 1950-களில் பந்தயத்துக்காக 500 சிசி-யில் எட்டு சிலிண்டர் வைத்த மோட்டார் சைக்கிளைச் செய்தவரும் அவரேதான். அவ்வளவு நுணுக்கமான மூளை, அடுத்து போலீஸ்காரர்கள் நாள் முழுக்க ஓட்டவேண்டிய வண்டிக்கு ஒரு இன்ஜினை யோசித்தபோது எல்லாவற்றையும் எளிமையாக்கியது. இரண்டு சிலிண்டருக்கும் நடுவே ஒரே ஒரு கேம் ஷாஃப்ட். அதிலிருந்து புஷ் ராட். அதற்கு மேல், வால்வை அமுக்கித் திறக்கிற ராக்கர். டேப்பெட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி, சரிசெய்ய ஒரு திருகு, ஒரு லாக் நட். 1965-ல் மிலான் கண்காட்சியில் வி7 என்ற பெயரில் வந்த அந்த அமைப்பின் எலும்புக்கூடுதான் என் டி3-யிலும் இருக்கிறது.

டேப்பெட் பார்ப்பது இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில்தான் செய்வேன். சூட்டில் அளந்தால் அளவு பொய் சொல்லும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஐந்தாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிஸ்டன் மெல்ல ஏறி இறங்கும். இன்டேக் வால்வு அமுங்கி, மறுபடி மேலே வந்து மூடிய பிறகு பிஸ்டன் ஏறுகிறதே, அந்த ஏற்றத்தின் உச்சிதான் நமக்கு வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஃப்ளைவீலில் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். கிளட்ச் ஹவுசிங்கின் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் மூடி; அதைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு கோடும் பக்கத்தில் ஒரு எழுத்தும் தெரியும். எஸ் என்றால் ‘சினிஸ்ட்ரா’, இடது சிலிண்டர். டி என்றால் ‘டெஸ்ட்ரா’, வலது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ உலோகத்தில் அடித்த எழுத்து, எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே இன்னும் அழியாமல் நின்று வழி சொல்கிறது.

கம்பெனி கொடுத்த இடைவெளி இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.22 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் தகடுகளான என் ஃபீலர் கேஜில் 0.22 தகடு கிடையாது. அதனால் 0.20 உள்ளே போகவேண்டும், 0.25 போகக்கூடாது என்று வைத்துக்கொள்கிறேன். 0.20 போகும்போது லேசான பிடிப்பு இருக்கவேண்டும். காகிதத்தை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தி இழுப்பது போன்ற பிடிப்பு. அது கிடைத்ததும் லாக் நட்டை இறுக்குகிறோம். இறுக்கும்போது திருகும் கூடவே ஒரு மயிரிழை திரும்பிவிடும். மறுபடி அளந்தால் பிடிப்பு கூடியிருக்கும். ஆரம்பத்தில் ‘போதும், இவ்வளவுதானே’ என்று விட்டதுண்டு. இப்போது விடுவதில்லை. திருகைத் திருப்புளியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் இறுக்கி, மறுபடி தகட்டை விட்டுப் பார்ப்பேன். சரியில்லையென்றால் மறுபடியும். நான்கு வால்வுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

டேப்பெட் கொஞ்சம் சத்தம் போட்டால் பலர் பதறுகிறார்கள். சத்தம் போடாத டேப்பெட்டைத்தான் நான் சந்தேகிப்பேன். இடைவெளி குறைந்து, வால்வு தன் சீட்டில் முழுசாக உட்காராமல் போனால் என்ன ஆகும்? எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த சீட்டுக்குக் கொடுத்துத்தான் ஆறுகிறது. உட்கார நேரமில்லாத வால்வு சூட்டை இறக்கவும் வழியில்லாமல் கருகும். அந்த வாதை வெளியே கேட்கவே கேட்காது.

வண்டி என் கைக்கு வந்தபோது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் பல கைகள் அதைத் தொட்டிருந்தன. இடது பக்க ராக்கர் மூடியின் எட்டு போல்ட்டில் மூன்று, முறுக்க முறுக்கச் சுற்றிக்கொண்டே போனது. மரை போயிருந்தது. எண்ணெய் கசிந்திருக்கும், யாரோ கசிவை நிறுத்தக் கூடுதலாக இறுக்கியிருக்கிறார்கள், மறுபடி கசிந்திருக்கும், இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டர் போல்ட் அலுமினியத்தில் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்குவது கஷ்டம். அது மணிக்கட்டு வலிமை, தோள் வலிமை இல்லை. நீளமான கைப்பிடி மாட்டி இழுத்தால் இரும்பு ஜெயிக்கும், அலுமினியம் தோற்கும். அந்த மூன்று துளையையும் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஸ்பிரிங் போல இருக்கும் ஹெலிகாயில் மரையை உள்ளே இறக்கினேன். துளை போடும்போது உலோகத் தூள் உள்ளே விழாமலிருக்க ராக்கரைச் சுற்றித் துணியை அடைத்து, டிரில் முனையில் கிரீஸ் தடவி, கால் சுற்று, பின்வாங்கு, துடை, மறுபடி கால் சுற்று என்று போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. மரை காரணமே இல்லாமல் போயிருக்கிறது என்று மூடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஓரத்தில் பழைய பேக்கிங்கின் துண்டு ஒன்று சுரண்டாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கசிவு அதனால். அதைச் சுரண்டியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பும் இந்த வகைதான். டி3-க்கு முந்தைய மாடல்களில் கழற்றி மாற்றுகிற ஆயில் ஃபில்டரே இல்லை, வெறும் கம்பி வலைதான். டி3-யில் ஃபில்டர் கொடுத்தார்கள். ஆனால் அதை சம்ப்புக்கு உள்ளே வைத்துவிட்டார்கள். ஃபில்டரை மாற்ற எண்ணெயை வடித்து, சுற்றிலுமுள்ள ஒரு டஜனுக்கும் மேற்பட்ட போல்ட்டுகளைக் கழற்றி, சம்ப்பையே கீழே இறக்கவேண்டும். இதைச் சலிப்பாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்குச் சலிப்பில்லை. சம்ப் இறங்கினால் அதன் அடியில் படிந்ததை விரலால் தடவிப் பார்க்கலாம். அந்தக் காலத்து சிலிண்டர்களின் உள்சுவரில் குரோம் பூசியிருப்பார்கள். வயசானால் அது செதில் செதிலாகப் பெயர்ந்து எண்ணெயில் கலந்து பேரிங்குகளைத் தின்னும். என் வண்டிக்கு நான் வாங்குவதற்கு முன்பே சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பளபளவென்று ஏதாவது மின்னுகிறதா என்று தேடாமல் சம்ப்பைக் கழுவியதில்லை. புது ஃபில்டரை மாட்டியதும் அதைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப்பைப் போட்டு, அதன் தலை சம்ப் விளிம்பில் முட்டுகிற மாதிரி திருப்பி இறுக்கிவிடுவேன். உள்ளே யார் கண்ணுக்கும் தெரியாமல் ஃபில்டர் கழன்றால் எண்ணெய் அழுத்தம் போய்விடும். இது பல குஸ்ஸிக்காரர்கள் செய்கிற வேலை.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. காலால் மிதித்தால் பின் டிஸ்க்கும் முன்னால் இடது டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும். கையால் பிடித்தால் முன்னால் வலது டிஸ்க் மட்டும். பிரேக் எண்ணெயில் சேர்ந்த காற்றை எடுக்கும்போது காலுக்கான லைன் நீளமானது, வளைந்து வளைந்து போகிறது, பொறுமை வேண்டும். பழகிவிட்டால் அதைவிட நிதானமாக நிற்கிற வண்டியை நான் ஓட்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

போன வருஷம் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் ஆகும். பக்கத்தில் நாலு இடம் போய்விட்டு வந்தால் சாயங்காலம் ஸ்டார்ட்டர் முனகும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 11.8 வோல்ட். ஆனால் அதே வாரம் நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டர் போய்விட்டு வந்தேன், பேட்டரி முழுசாக நிரம்பி 12.7 காட்டியது. ஊருக்குள் சுற்றினால் சாகிறது, தூரம் போனால் பிழைக்கிறது. பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டிப் புதுசு வாங்கிப் போட்டேன். இரண்டு வாரத்தில் அதுவும் இறங்கியது. பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினேன். மாற்றமில்லை.

இந்த வண்டியில் பேட்டரிக்குக் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் கிராங்க் ஷாஃப்ட்டின் முன் நுனியில், முன் சக்கரத்துக்கு எதிரே இருக்கிறது. அது அங்கே வந்ததற்கு ஒரு கதை உண்டு. ஆரம்ப வி7-களில் டைனமோ இன்ஜினின் மேலே, இரண்டு சிலிண்டருக்கும் நடுப்பள்ளத்தில் பெல்ட்டில் சுற்றியது. அடுத்து வந்த பொறியாளர் லினோ டோன்டி, 1971-ன் வி7 ஸ்போர்ட்டுக்காகத் தாழ்வான, நேர்க் குழாய்களாலான ஒரு ஃபிரேமை நினைத்தார். மேலே அந்த டைனமோ இருந்தால் குழாய் கீழே இறங்காது. எடுத்துவிட்டு முன்னால் ஆல்டர்னேட்டர் வைத்தார். அதே ஃபிரேமின் கீழ்க்குழாய்கள் போல்ட் போட்டவை. அவற்றைக் கழற்றினால் இன்ஜினைத் தரையில் உட்காரவைத்துவிட்டு ஃபிரேமை மேலே தூக்கி எடுத்துவிடலாம். கிளட்ச் பிளேட் மாற்றும்போது ஒரு முறை அப்படிச் செய்தேன். அந்த மனிதர் குழாயை இப்படிப் பிரித்து வைத்ததற்கு அன்று மனசுக்குள் நன்றி சொன்னேன்.

முன் மூடியைத் திறந்தால் ரோட்டார், ஆல்டர்னேட்டரில் சுற்றுகிற பகுதி. அதில் இரண்டு செப்பு வளையம், அவற்றின் மேல் இரண்டு கார்பன் பிரஷ். ரோட்டார் என்பது காந்தம் இல்லை, மின்காந்தம். கரண்ட் கொடுத்தால்தான் காந்தம். சூட்டில் அதன் சுருள் அறுந்துபோவது இந்த வண்டிகளில் வழக்கமான கோளாறு. பிரஷ்ஷைத் தூக்கிவிட்டு வளையத்துக்கு வளையம் அளந்தேன். 3.4 ஓம். சரியான அளவு. வளையத்துக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே இல்லை. அதுவும் சரி. பிரஷ் நீளம் போதுமானது. ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் ரோட்டாரையே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அது டேப்பரில், அதாவது கூம்பாகச் சரிந்த தண்டு நுனியில், இறுகி உட்கார்ந்திருக்கும். எடுக்க, நடு துளையில் கடினப்படுத்திய எஃகுத் துண்டு ஒன்றை விட்டு, மேலே போல்ட்டை இறுக்கித் தள்ளவேண்டும். சாதாரண இரும்பு போட்டால் உள்ளேயே நசுங்கி மாட்டிக்கொள்ளும். எஃகுத் துண்டுகூடத் தயாராக வைத்துவிட்டேன். அதற்கு முன்னால், இதே மாதிரி வண்டியை என்னைவிட இருபது வருஷம் அதிகமாகப் பார்த்துக்கொள்கிற ஒருவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, ரோட்டார் நல்லா இருக்கு, பிரஷ் நல்லா இருக்கு, ரெகுலேட்டர் புதுசு. சார்ஜ் மட்டும் ஏற மாட்டேங்குது.”

“சாவியைப் போட்டதும் செவப்பு லைட் எரியுதா தம்பி?”

“எரியுதுண்ணே. பளிச்சுனு எரியுது.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“பளிச்சுனா? அது அவ்ளோ பளிச்சுனு எரியாதே. என்ன பல்பு போட்டிருக்க?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. முந்தைய வருஷம் மீட்டர் விளக்குகள் எல்லாவற்றையும் எல்ஈடி-க்கு மாற்றியது நான்தான். வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று.

ரோட்டார் காந்தமாக முதலில் கொஞ்சம் கரண்ட் வேண்டும் இல்லையா? அந்த முதல் கரண்ட் வருவது அந்தச் சிவப்பு விளக்கின் வழியாக. பேட்டரியிலிருந்து பல்புக்கு, பல்பிலிருந்து ரெகுலேட்டருக்கு, அங்கிருந்து பிரஷ் வழியாக ரோட்டாருக்கு. மூன்று வாட் பழைய பல்பு என்றால் கிட்டத்தட்ட கால் ஆம்பியர் போகும். அந்தக் கால் ஆம்பியரில் ரோட்டார் லேசாகக் காந்தமாகி, சுற்றச் சுற்றத் தானே கரண்ட் உண்டாக்கி, அதையே தனக்கு ஊட்டிக்கொண்டு நிமிர்ந்துவிடும். அதன்பிறகு பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் ஆவதால் விளக்கு அணையும். எல்ஈடி வழியாகப் போவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விளக்கு பளிச்சென்று எரியும்; ரோட்டாருக்கு வேண்டியது போய்ச் சேராது. நெடுஞ்சாலையில் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது, இரும்பில் மிச்சம் ஒட்டியிருக்கிற காந்தமே போதுமானதாகி ஆல்டர்னேட்டர் எழுந்துகொண்டது. ஊருக்குள் அந்தச் சுற்று வரவே இல்லை. தூரம் போனால் பிழைத்ததன் ரகசியம் அதுதான்.

ஊருக்குள் ஓட்டும்போது அந்தச் சிவப்பு விளக்கு முழுசாக அணையாமலே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும், எல்ஈடி துளி கரண்டிலும் மினுக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விளக்கு அதன் வேலையைச் செய்தது. அது சொன்னதை நான்தான் கேட்கவில்லை. நல்ல பேட்டரி ஒன்றைத் தூக்கிப் போட்டேன், நல்ல ரெகுலேட்டர் ஒன்றைக் கழற்றினேன். மரை போகிற அளவுக்கு அந்த மூடியை இறுக்கியவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றே. காரணத்தைப் பார்க்கும் முன் கையை வைத்தோம்.

ஹெட்லைட்டைத் திறந்து மீட்டரின் பின்பக்கம் கைவிட்டு, எல்ஈடி-யை உருவிவிட்டு மூன்று வாட் பல்பைச் சொருகினேன். சாவியைத் திருப்பியதும் மங்கலான, பழுத்த சிவப்பு. ஸ்டார்ட் செய்தேன். ஐடிலில் விளக்கு தயங்கித் தயங்கித் துடித்தது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றினேன். வண்டி வலது பக்கம் ஒரு உலுக்கு உலுக்கியது, விளக்கு அணைந்தது. பேட்டரி முனையில் மீட்டர் 12.4-லிருந்து ஏறி ஏறி 14.1-ல் நின்றது.

மற்ற விளக்குகளில் எல்ஈடி அப்படியே இருக்கிறது. ஹெட்லைட்டை மூடும் முன், உள்பக்கத் தகட்டை பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு, அழியாத மார்க்கரில் எழுதினேன்: ‘சிவப்பு விளக்குக்கு 3 வாட் பல்பு மட்டும். எல்ஈடி போடாதீர்கள். சார்ஜ் இதன் வழியாகத்தான் தொடங்குகிறது.’ ராக்கர் மூடிகளின் உள்பக்கத்திலும் அடுத்த முறை திறக்கும்போது எழுதவேண்டும்: மரை மாற்றிய மூன்று துளைகள் எவை, எவ்வளவு இறுக்கலாம் என்று.